டிஜிட்டல் ஆக ஆக ஒரு நாட்டின் ஆற்றல் செலவு குறையுமா?

வாசகர் கேள்வி | 6 செப்டம்பர் 2025

வங்கி, கடை, பாடம், கூட்டம், கடிதம் எல்லாம் திரைக்குள் வந்துவிட்டன. பேப்பர் மிச்சம், பெட்ரோல் மிச்சம், கட்டடம் மிச்சம். அப்படியென்றால் எந்த நாடு வேகமாக டிஜிட்டல் ஆகிறதோ அந்த நாட்டின் ஆற்றல் செலவு குறைந்தே ஆகவேண்டும். டேட்டா சென்டர்கள், அதாவது இணையத்துக்கான சர்வர்கள் குவிந்து ஓடும் கட்டடங்கள், இழுக்கும் மின்சாரம் பற்றிக் கிளம்பும் கூச்சல் வீண் பீதி என்பது என் கட்சி. மறுக்க முடிந்தவர் மறுக்கலாம்.

6 செப்டம்பர், இரவு

பாதி சரி. சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீதி கிளப்பியவர்கள் முன்பு ஒருமுறை பெரிதாகத் தவறியிருக்கிறார்கள். 1999-இல் பீட்டர் ஹூபர், மார்க் மில்ஸ் இருவரும் ஃபோர்ப்ஸ் இதழில் எழுதினார்கள்: அமெரிக்க மின்சாரத்தில் 8 சதவீதத்தை இணையம் ஏற்கெனவே விழுங்குகிறது, பத்து ஆண்டுகளில் பாதி மின்சாரம் அதற்கே போகலாம் என்று. அமெரிக்க அரசின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த ஜானதன் கூமியும் சகாக்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்த 8 சதவீதம் பல மடங்கு ஊதிய எண் என்று காட்டினார்கள். அதன் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். ஸ்மார்ட்ஃபோன், யூடியூப், சமூக ஊடகம், கிளவுட் எல்லாம் வந்து குவிந்த காலம் 2007-க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். அந்தக் காலம் முழுக்க அமெரிக்காவின் மொத்த மின் நுகர்வு கிட்டத்தட்ட அசையவே இல்லை.

உலக அளவிலும் அப்படித்தான். எரிக் மசனெட் குழு 2020-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கணக்குப்படி, 2010 முதல் 2018 வரை டேட்டா சென்டர்கள் செய்த கணிப்பு (கம்ப்யூட்டிங்) வேலை 550 சதவீதம் கூடியது. அவை இழுத்த மின்சாரம் கூடியது 6 சதவீதம் மட்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் "குறைந்தே ஆகவேண்டும்" இதிலிருந்து வராது. ஒரு வேலைக்கு ஆகும் செலவு குறைவது ஒன்று, நாட்டின் மொத்தச் செலவு குறைவது இன்னொன்று. நாளை எழுதுகிறேன்.

7 செப்டம்பர்

நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் டிஜிட்டலின் பாதிப்பை நாலு வழியாகப் பிரிக்கிறார்கள். ஸ்டெஃபன் லாங்கே, யோஹன்னா போல், டில்மன் சான்டாரியஸ் மூவரும் 2020-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல வாசல். கருவிகளும் நெட்வொர்க்கும் தாங்களே தின்னும் ஆற்றல் முதல் வழி. அவற்றால் மற்ற வேலைகளில் மிச்சமாவது இரண்டாவது. உற்பத்தித்திறன் கூடி பொருளாதாரம் வளர்வதால் ஏறும் செலவு மூன்றாவது. ஆலையிலிருந்து சேவைத் துறைக்கு நாடு நகர்வதால் வரும் மாற்றம் நான்காவது. நீங்கள் சொன்ன பேப்பரும் பெட்ரோலும் இரண்டாவது வழிக்குள் மட்டும் அடங்கும். அவர்கள் முடிவு: மிச்சத்தை விட முதலும் மூன்றாவதும் சேர்ந்து பெரிது, இதுவரை நிகர விளைவு கூடுதலே.

நான்காவது வழியில் எனக்கே நம்பிக்கை குறைவு. ஒரு நாட்டில் இரும்பாலை மூடி மென்பொருள் அலுவலகம் திறந்தால் அந்த நாட்டுக் கணக்கில் ஆற்றல் இறங்கும். இரும்பு எங்கேயோ உருகிக்கொண்டுதான் இருக்கும். கப்பலில் வந்து இறங்கும் இரும்பின் ஆற்றலை இறக்குமதி செய்த நாட்டின் வழக்கமான கணக்கில் எழுதுவதில்லை.

7 செப்டம்பர், பின்னிரவு

மேலே விட்டுப்போன ஒன்று. 2016-இல் ஷுல்டே, வெல்ஷ், ரெக்ஸ்ஹாய்ஸர் மூவரும் ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாடுகளின் தொழில்துறைகளை எடுத்துப் பார்த்தார்கள். கணினி, தொலைத்தொடர்பு முதலீடு ஏறிய இடங்களில் ஆற்றல் தேவை இறங்கியிருக்கிறது. எந்த ஆற்றல் என்று பிரித்தபோதுதான் விஷயம் வெளிவருகிறது: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற மின்சாரமல்லாத எரிபொருள்தான் இறங்கியது. மின்சாரம் சொல்லும்படி இறங்கவில்லை.

உங்களுக்குச் சாதகமான சான்று இது, மறைக்க விரும்பவில்லை. கூடவே ஒரு வேண்டுகோளும் இதிலிருந்து எழுகிறது. "ஆற்றல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசாதீர்கள். மின்சாரத்தைத் தனியாகவும் நேரடி எரிபொருளைத் தனியாகவும் பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகரக்கூடியவை.

9 செப்டம்பர்

"கிளவுடுக்கு மாறினால் மிச்சம் என்பது கண்கூடு, அதற்கும் ஆதாரம் கேட்பீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். சர்வர் அறை என் பொறுப்பு. மெயில், கோப்புகள், சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வர்களுக்கு, ஏற்றினோம். மேலிடத்துக்குக் காட்டிய படங்களில் மின்சார மிச்சம் என்று ஒரு பக்கம் பச்சை நிறத்தில் இருந்தது. வேலை முடிந்தது, பாராட்டும் வந்தது. அறை மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ரேக்குகளில் பாதி காலி. ஆனால் பழைய கணக்குகள் இருக்கும் ஒரு சர்வரைத் தணிக்கையாளர் எப்போதாவது கேட்பார் என்று அணைக்கவில்லை. உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அதே அறையில். இன்னொரு பெட்டியில் "அணைக்காதீர்கள்" என்று மார்க்கரால் எழுதிய ஸ்டிக்கர், அதன் கீழே எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் பெயர். அது என்ன செய்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரவானால் பக்கத்துப் பெட்டிக்குத் தன்னையே பேக்கப் எடுத்து அனுப்பும். பக்கத்துப் பெட்டி அதை வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டையும் திறந்து பார்க்க ஆளில்லை. இந்த நாலைந்து பெட்டிக்காக இரண்டு ஏ.சி.யும் பகல் இரவு பாராமல் 18 டிகிரியில். முழு அறைக்கு என்று வாங்கிய பெரிய யு.பி.எஸ். இப்போது மிகக் குறைந்த சுமையில் ஓடியது. அப்படி ஓடும்போது அதன் திறன் இன்னும் கெடும், வீணாகும் சூட்டை வெளியேற்றவும் அதே ஏ.சி.தான்.

அணைக்க அனுமதி கேட்டேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் கையெழுத்தும் போடவில்லை. ஓடிக்கொண்டிருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அணைத்து ஏதாவது நின்றுவிட்டால் கையெழுத்துப் போட்டவர் தலை உருளும்.

இப்போது நாட்டுக் கணக்கு போடுங்கள். கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் இன்னொரு நாட்டில் இருந்தது. எங்கள் வேலைக்கான மின்சாரம் அந்த நாட்டில் ஏறியது. எங்கள் அறையின் மின்சாரம் எங்கள் நாட்டில் இறங்கவில்லை. உலகக் கணக்கில் நிகரமாகக் கூடுதல். ஆனால் அந்தப் பச்சைப் பக்கம் எங்கோ ஓர் அறிக்கையில் மிச்சமாகப் பதிவாகியிருக்கும்.

இந்த விவாதத்தில் நான் பிடிவாதமாக நிற்பது இந்த ஒரு இடத்தில்தான். புதியது திறமையானது என்பதால் மிச்சம் வந்துவிடாது. பழையதை மூடினால் வரும்.

9 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

இது ஓர் அலுவலகத்தின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். கூமியும் ஜான் டெய்லரும் 2015-இல் பார்த்ததில், அவர்கள் எடுத்த மாதிரியில் சுமார் 30 சதவீத சர்வர்கள் மாதக்கணக்கில் எந்தப் பயனுள்ள வேலையும் செய்யாமல் மின்சாரம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் சர்வர் சும்மா இருப்பதில்லை. கூகுளின் பரோசோ, ஹோல்ஸ்லே இருவரும் 2007-இல் விளக்கியபடி, அன்றைய சர்வர் ஒன்றுமே செய்யாதபோதும் உச்சச் சுமையில் இழுப்பதில் பாதியளவு இழுத்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பது. யாராவது போன் செய்து கத்தினால் திரும்பச் செருகுவது, கத்தாவிட்டால் சில வாரம் கழித்து அணைப்பது. அந்த ஸ்டிக்கர் பெட்டிக்கு இதைத்தான் செய்தேன். யாரும் கத்தவில்லை.

11 செப்டம்பர்

மசனெட் குழுவின் 6 சதவீதத்தை மூன்று பேர் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுகிறார்கள். முதலில் அதைக் கொண்டுவந்தவன் நான்தான், அதனால் அது எப்படிச் சாத்தியமானது என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்று காரணங்கள் ஒன்றாக வந்து சேர்ந்த காலம் அது. சிப்கள் ஆண்டுதோறும் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேலை செய்தன. ஒரே சர்வரில் மென்பொருளாலேயே உருவாக்கிய பல மெய்நிகர் சர்வர்களை அடுக்கும் முறை பரவியதால், முன்பு பத்துப் பெட்டிகள் அரைத்தூக்கத்தில் செய்ததை ஒரு பெட்டி முழு விழிப்பில் செய்தது. மூன்றாவது குளிரூட்டல். என் அறை போன்ற சின்ன அறைகளில் கணினிக்கு ஒரு யூனிட் போனால் ஏ.சி., யு.பி.எஸ். இழப்பு என்று இன்னொரு யூனிட்டும் அதற்கு மேலும் போகும். கூகுள் போன்றவர்களின் பெரிய மையங்களில் அந்த மேல்செலவு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. 2016-இல் கூகுளின் ஏ.ஐ. பிரிவான டீப்மைண்டின் மென்பொருளை வைத்துக் குளிரூட்டும் மின்சாரத்தில் 40 சதவீதம் வரை குறைத்தார்கள். டிஜிட்டல் தன் செலவைத் தானே குறைத்த அருமையான உதாரணம் அது, சந்தேகமில்லை.

ஆனால் இந்த மூன்றிலும் இரண்டு ஒருமுறை மட்டும் கிடைக்கும் லாபங்கள். மேல்செலவு 1 யூனிட்டிலிருந்து 0.1-க்கு வந்த பிறகு அதற்குக் கீழே குறைக்க என்ன இருக்கிறது? சின்ன அறைகளிலிருந்து பெரிய மையங்களுக்கு மாறியவர்கள் மாறி முடித்துவிட்டார்கள். சிப்பின் வேகமும் தளர்ந்தது. ஒரு ஜூல் ஆற்றலில் நடக்கும் கணிப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்ததைக் கூமி 2011-இல் காட்டினார். 2000-க்குப் பிறகு அது இரண்டரை ஆண்டுக்கு மேல் இழுக்கிறது. ராபர்ட் டென்னார்ட் 1974-இல் சொன்ன அளவுவிதி, அதாவது டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதன் மின்சாரமும் அதே வீதத்தில் சிறுக்கும் என்பது, 2005-ஐ ஒட்டி நின்றுபோனது.

அடுத்து என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்கக் கணக்கே போதும். 2014-இல் அங்குள்ள டேட்டா சென்டர்கள் எடுத்தது சுமார் 58 டெராவாட் மணி. ஒரு டெராவாட் மணி என்பது 100 கோடி யூனிட், ஆக 5,800 கோடி யூனிட். 2023-இல் 17,600 கோடி யூனிட், நாட்டு மின்சாரத்தில் 4.4 சதவீதம். 2028-இல் 6.7 முதல் 12 சதவீதம் வரை போகலாம் என்று 2024 டிசம்பரில் சொன்னது அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். 1999 பீதியைப் பொய் என்று நிறுவிய இடம். அவர்கள் பீதி கிளப்புகிறவர்கள் இல்லை என்பதால் இந்த எண்ணை நான் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன்.

11 செப்டம்பர்

எச்சரிக்கையும் வேண்டும். உலகம் முழுதும் டேட்டா சென்டர்கள் 2024-இல் எடுத்தது 41,500 கோடி யூனிட், மொத்த மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம். 2030-இல் இருமடங்குக்கு மேல், 94,500 கோடி என்று சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் கணித்தது. அப்போதும் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அதுவரை உலகில் கூடப்போகும் மின்தேவையில் இவற்றின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது அதே அறிக்கை. ஆலைகள், ஏ.சி., மின்வாகனம் எல்லாம் இதைவிடப் பெரியவை. உலகச் சராசரியைப் பார்த்தால் சின்ன எண்தான். சிக்கல் அது எங்கே குவிகிறது என்பதில்.

14 செப்டம்பர்

குவிவதற்கு அயர்லாந்து. அந்த நாட்டின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் டேட்டா சென்டர் மீட்டர்களைத் தனியாக எடுத்துக் கூட்டி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2015-இல் நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதம். 2023-இல் 21. நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து எடுத்தது அந்த ஆண்டு 18. 2024-இல் 22 ஆகிவிட்டது. டப்ளின் வட்டாரத்தில் புது டேட்டா சென்டருக்கு மின் இணைப்பு 2028 வரை கிடைப்பது அரிது என்று சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் இன்னும் மேலே, 2023-இல் நாலில் ஒரு பங்கு. சிங்கப்பூர் 7 சதவீதத்தை ஒட்டி நின்றபோதே 2019 முதல் 2022 வரை புது மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்தது.

இப்போது உங்கள் வாதத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். அயர்லாந்துக்காரர்கள் மற்ற ஐரோப்பியர்களை விடப் பல மடங்கு டிஜிட்டலாக வாழ்கிறார்களா? கிடையாது. ஐரோப்பா முழுக்கப் பார்க்கும் படத்திலும் அனுப்பும் மெயிலிலும் ஒரு பகுதி அங்கே ஓடுகிறது. ஜெர்மனியில் ஓர் அலுவலகம் சர்வர் அறையை மூடி ஜெர்மன் கணக்கில் மிச்சம் காட்டினால், அதன் செலவு டப்ளின் கம்பியில் ஏறியிருக்கலாம்.

கருவி செய்யும் பக்கமும் இதே கதைதான். தைவானின் மொத்த மின்சாரத்தில் சுமார் 8 சதவீதம் சிப் செய்யும் டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே நிறுவனத்துக்குப் போகிறது. நுண்சிப் அச்சிடும் அதீதப் புற ஊதாக் கதிர் இயந்திரம் ஒன்றே ஒரு மெகாவாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு ஸ்மார்ட்ஃபோன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது. வாங்கிய நாட்டின் கணக்கில் தெரிவது சார்ஜருக்குப் போகும் சில யூனிட்.

ஆகவே "டிஜிட்டல் ஆன நாடு" என்று நாடுகளை வரிசையாக நிறுத்தி ஆற்றலோடு ஒப்பிடும் வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செலவு எல்லை தாண்டிப் போகிறது, வரைபடம் எல்லைக்குள் நிற்கிறது.

14 செப்டம்பர், இரவு

பிட்காயினைக் கேட்டவருக்கு: ஆமாம், எல்லை தாண்டுவதை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் பார்க்க முடியாது. அந்த மின்னணு நாணயத்தை உண்டாக்க ஓயாமல் கணக்குப் போடும் 'சுரங்க' இயந்திரங்களை 2021-இல் சீனா தடை செய்தது. இயந்திரங்கள் லாரி ஏறிக் கஜகஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அந்த ஆண்டு இறுதியிலேயே கஜகஸ்தானில் மின் பற்றாக்குறை. சீனத்தின் கணக்கில் மிச்சம் என்று இதை எழுதுவதா?

15 செப்டம்பர்

இன்று தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. 2022-இல் இதே நாளில்தான் பிட்காயின் போன்ற இன்னொரு மின்னணு நாணய வலையமைப்பான எதீரியம் தன் முறையை மாற்றியது. கணிப்புப் போட்டி வைத்துப் பரிவர்த்தனையைச் சரிபார்ப்பதை விட்டு, பணத்தைப் பிணையாக வைத்துச் சரிபார்ப்பதற்கு வந்தது. மின் செலவு ஏறத்தாழ 99.95 சதவீதம் விழுந்தது, அதுவும் ஒரே நாளில்.

என் பிடிவாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. புதுமுறை பொறுப்பேற்ற அதே கணத்தில் அந்த வலையமைப்பில் பழைய முறை நின்றது. மாறிய பிறகும் "கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும்" என்று அதில் விட்டுவைக்கவில்லை. வேலையிழந்த இயந்திரங்களில் ஒரு பகுதி உடனே வேறு நாணயங்களுக்குத் தாவியது உண்மை. அங்கே இவ்வளவு பேருக்குக் கட்டும் லாபம் இல்லாததால் பெரும்பாலானவை நின்றுபோயின. எங்கள் சர்வர் அறையில் நடக்காதது இங்கே நடந்தது.

18 செப்டம்பர்

சின்னத் திருத்தம் ஒன்று, இந்த இழையில் நேற்று ஒருவர் போட்ட எண்ணுக்கு. "அரை மணி நேரம் படம் பார்த்தால் 1.6 கிலோ கரியமில வாயு, கார் ஓட்டுவதற்குச் சமம்" என்பது பிரான்சின் ஷிஃப்ட் ப்ராஜெக்ட் அமைப்பு 2019-இல் சொன்னது. பிட்டையும் பைட்டையும் மாற்றிப் போட்டதால் எட்டு மடங்கு கூடிவிட்டது என்று அவர்களே 2020-இல் திருத்திவிட்டார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு அதைவிடவும் மிகக் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு சராசரியாக 36 கிராம். அதிலும் பெரும்பங்கு படம் பார்க்கும் திரைக்குத்தான் போகிறது. ஐம்பது அங்குலத் திரையைக் கைப்பேசியாக மாற்றினால் கணக்கு தலைகீழ்.

என் பக்கம் பேசுகிறவர்கள் இந்தப் பழைய எண்ணைத் தூக்கி எறியவேண்டும். தவறான எண்ணால் ஜெயிக்கும் வாதம் எனக்கு வேண்டாம்.

19 செப்டம்பர்

"2020-இல் உலகமே வீட்டிலிருந்து வேலை பார்த்தது. இணையப் போக்குவரத்து 40 சதவீதம் எகிறியது, ஆற்றல் தேவை 4 சதவீதம் விழுந்தது. இதற்கு மேல் என்ன சான்று?"

இரண்டு எண்ணும் ஏறத்தாழ சரி. ஆனால் அந்த ஆண்டு ஆற்றல் தேவையை வீழ்த்தியது விமானம் பறக்காததும், ஆலை ஓடாததும், சாலை காலியானதும். இணையம் அந்த முடக்கத்தைத் தாங்கிக்கொள்ள உதவியது, முடக்கத்தை அது கொண்டுவரவில்லை. 2021-இல் உலக ஆற்றல் தேவை 2019 அளவைத் தாண்டி மேலே போயிற்று. வீடியோ கூட்டமும் நின்றுவிடவில்லை, இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. வாரத்தில் மூன்று நாள் பாதி ஆள் வராத அலுவலகங்களில் ஏ.சி.யும் லிஃப்டும் முழு வீச்சில் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு மாடியை மூடி வாடகையை விட்ட நிறுவனம் ஆற்றலை மிச்சம் பிடித்தது. மூடாதது, வீட்டு மின்சாரத்தையும் அலுவலக மின்சாரத்தையும் சேர்த்துச் செலவழித்தது.

22 செப்டம்பர்

ஜெவான்ஸ் பெயர் வந்துவிட்டது. இவ்வளவு நாள் வராமல் இருந்ததே ஆச்சரியம்.

1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் கவனித்தது: நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓட ஓட, பிரிட்டனின் நிலக்கரிச் செலவு ஏறியது. மலிவானதால் புதுப் புது இடங்களில் எந்திரம் வைத்தார்கள். 2025 ஜனவரியில் டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் ஏ.ஐ. மாதிரியை உருவாக்கியதாகச் செய்தி வந்து பங்குச்சந்தை ஆடியபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா இதே ஜெவான்ஸைத்தான் நினைவூட்டினார். ஏ.ஐ. மலிவானால் பயன்பாடு வானளவு ஏறும், கவலை வேண்டாம் என்று முதலீட்டாளர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. மின் கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கு அதே வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும்?

தன் ஏ.ஐ. ஆன ஜெமினியிடம் சாதாரணமாக எழுத்தில் ஒரு கேள்வி கேட்டால் 0.24 வாட் மணி என்று கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. ஒரு யூனிட்டில் நாலாயிரம் கேள்விகள். உண்மையிலேயே சிறியது, இதை வைத்து ஒரு தனிமனிதரைக் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் அதே நிறுவனம் தன் பசுங்குடில் வாயு உமிழ்வு 2019-ஐ விட 2023-இல் 48 சதவீதம் கூடியதாகத் தானே அறிவித்தது, முக்கியக் காரணங்களில் ஒன்று டேட்டா சென்டர் மின்சாரம். ஒரு கேள்விக்கான செலவு இறங்குவதும் மொத்தச் செலவு ஏறுவதும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன.

23 செப்டம்பர்

இரவு யோசித்ததில் நேற்றைய குறிப்பில் ஒரு சமநிலை தேவைப்படுகிறது. ஜெவான்ஸ் சொன்னது இயற்கை விதி கிடையாது. தேவை பூர்த்தியாகிவிட்ட இடத்தில் அது பலிக்காது. வீட்டு ஃப்ரிட்ஜ் பாதி மின்சாரத்தில் ஓடினால் யாரும் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்க ஓடுவதில்லை. எல்.இ.டி. விளக்கு பல நாடுகளில் வீட்டு வெளிச்சச் செலவை நிஜமாகவே குறைத்தது. கணிப்புக்கு மட்டும் அப்படி ஒரு நிறைவு இதுவரை கண்ணில் படவில்லை. தேடல் போதும் என்ற நிலை வருமுன் படம், படம் போதும் என்பதற்குள் வீடியோ, இப்போது ஏ.ஐ.

விலை சொல்லித்தரும் பாடமும் உண்டு. எந்தச் செலவு பயனரின் பில்லில் தெரிவதில்லையோ அது கட்டுப்படாது. மின்சாரத்துக்கு நாம் யூனிட் கணக்கில் கொடுக்கிறோம். மேகத்தில் கிடக்கும் பத்து வருடப் புகைப்படங்களுக்கு மாதச் சந்தா, எத்தனை முறை திறந்தாலும் அதே தொகை.

27 செப்டம்பர்

வீட்டில் ஒரு வாட் மீட்டர் வைத்திருக்கிறேன், சுவர் சாக்கெட்டில் செருகி அதன் மேல் கருவியைச் செருகும் வகை. இந்த இழைக்காக ஒவ்வொன்றாக அளந்தேன். ரவுட்டர் யாரும் பயன்படுத்தாத நள்ளிரவிலும் பத்து வாட்டை ஒட்டி, எல்லோரும் படம் பார்க்கும் மாலையிலும் ஏறத்தாழ அதுவே. வேலை ஏறினாலும் இறங்கினாலும் அது அசைவதில்லை. ஆண்டுக்கு 87 யூனிட் சொச்சம். செட்டாப் பாக்ஸ் இன்னும் மோசம். ரிமோட்டில் அணைத்ததும் பச்சை விளக்கு சிவப்பாகிறது, மீட்டர் எண் அநேகமாக நகரவே இல்லை. பக்கத்தில் இருக்கும் டி.வி. அணைத்ததும் மீட்டரில் சுழியத்தை ஒட்டி வந்துவிடுகிறது.

டி.வி. அப்படி இறங்குவது தானாக நடந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியம் காத்திருப்பு மின்சாரத்துக்கு 2010-இல் 1 வாட், பின்னர் அரை வாட் என்று சட்டத்தில் உச்சவரம்பு வைத்தது. அதற்காகச் செய்த மின்சுற்றுகள் உலகச் சந்தை முழுக்கப் பரவின. எப்போதும் விழித்திருக்க வேண்டிய ரவுட்டர் அந்த வரம்புக்குள் வராது. ஒரே மேசை மேல் இருக்கும் இரண்டு கருவிகளில், அந்த வரம்புக்குள் வந்தது இறங்கியிருக்கிறது, வராதது இறங்கவில்லை.

28 செப்டம்பர்

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று 2015-இல் வெளியிட்ட அறிக்கையை இழையில் ஒருவர் மேற்கோள் காட்டுகிறார்: 2030-க்குள் டிஜிட்டல் உலக உமிழ்வில் 20 சதவீதம் வரை குறைக்கும் என்று. அது "குறைக்கக்கூடிய" அளவு. ஸ்மார்ட் மீட்டர், போக்குவரத்து வழிகாட்டி, துல்லியப் பாசனம் எல்லாம் முழுதாகப் பரவி, எதிர்விளைவு எதுவும் இல்லாமல், பழையதெல்லாம் ஓய்வு பெற்றால் கிடைப்பது. 2023 துபாய் பருவநிலை மாநாட்டில் நாடுகள் ஆற்றல் செறிவை, அதாவது ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் ஆற்றலை, ஆண்டுக்கு 4 சதவீதம் மேம்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நடந்தது 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அதற்கு டிஜிட்டல் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிஜிட்டல் இதைவிட வேகமாகப் பரவிய காலம் கிடையாது, மிச்சம் தானாக வருவதாக இருந்தால் இந்த எண்ணில் தெரிந்திருக்கவேண்டும்.

4 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "சரி, என் நாட்டில் எதைப் பார்ப்பது?" என்கிறார்.

டேட்டா சென்டர்களின் மீட்டர் கணக்கைத் தனியாக வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மையங்கள் ஆற்றல் கணக்கைத் தாக்கல் செய்வது கட்டாயம், முதல் தவணை 2024 செப்டம்பரில் வந்தது. அடுத்து, டிஜிட்டல் வந்த துறையில் நேரடி எரிபொருள் இறங்கியதா என்று தனியாக. கிளைகள் மூடிய வங்கி, மாடிகள் மூடிய அலுவலகம், ஓடாமல் நின்ற வண்டி என்று மூடியதன் பட்டியல் ஒன்று கிடைத்தால் அதுவே எனக்குப் போதுமான சான்று.

வீணாகும் சூட்டையும் பாருங்கள். டேட்டா சென்டருக்குள் போகும் மின்சாரம் முழுதும் கடைசியில் வெதுவெதுப்பான காற்றாகவோ தண்ணீராகவோ வெளியே வருகிறது. டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் ஃபேஸ்புக் மையத்தின் சூடு நகரக் குழாய்களில் ஏறி வீடுகளைச் சூடாக்குகிறது; வேறு எரிபொருளின் தேவை அங்கே குறைகிறது. ஜெர்மனி 2023 சட்டத்தில், 2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் புது மையங்கள் தங்கள் ஆற்றலில் 10 சதவீதத்தையாவது மறுபயனுக்குத் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2028 ஜூலை முதல் தொடங்குபவற்றுக்கு அது 20. குளிர்நாட்டு ஏற்பாடுதான், வெப்ப நாடுகளில் அந்தச் சூட்டை வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

அயர்லாந்து போல மீட்டர் வாரியாக ஆண்டுக் கணக்கு வெளியிடும் வேறு நாடு யாருக்காவது தெரிந்தால் இணைப்பை இங்கே போடுங்கள். இரண்டு நாட்டுக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.